பள்ளம் கீழே தெரிகிறது, அரிப்பு மேலே தொடங்குகிறது

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஹெக்டேர் மேட்டு நிலம். மேலிருந்து கீழாக நல்ல சரிவு. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் கீழ்க்கோடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. மழைக்காலம் முடிந்ததும் மண் கொட்டி மூடுகிறேன். அடுத்த மழையில் முன்னைவிட ஆழமாகத் திறந்துகொள்கிறது. இப்போது ஆள் உயரத்துக்கு இருக்கிறது, நிலத்தின் பாதிவரை ஏறி வந்துவிட்டது. இரண்டு கரையிலும் மரம் நட்டும் நிற்கவில்லை. மழை முன்பு போலத்தான் பெய்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் புழுதியும் கிளம்புகிறது. பொக்லைன் வைத்துப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டு, கீழே ஒரு கான்கிரீட் சுவர் கட்டிவிடலாமா? மண் அரிப்பு ஏன் வருகிறது, எத்தனை வகை என்பதையும் விளக்கினால் நல்லது.

அன்புள்ள வாசகருக்கு,

சுவர் இப்போதைக்கு வேண்டாம். பொக்லைனையும் நிறுத்தி வையுங்கள். உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. நிலத்தின் பாதிவரை வந்துவிட்ட பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது. ஆனால் உங்களைப் பயமுறுத்தும் அந்தப் பள்ளம் அரிப்பின் கடைசிக் கட்டம். அரிப்பு தொடங்குவது நிலத்தின் மேல் பாதியில், உழுது சமமாகத் தெரிகிற இடத்தில். அங்கே நடப்பதைக் கவனிக்காமல் கீழே எதைக் கட்டினாலும் தண்ணீர் அதன் பக்கவாட்டில் வழி தேடும், இல்லையென்றால் அடியில் தோண்டும். அதனால் மேலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் சேதத்தைச் செய்வது வானிலிருந்து விழுகிற துளி. ஓடுகிற தண்ணீரின் முறை அதற்கு அப்புறம்தான் வருகிறது. தூறலில் வரும் அரை மில்லிமீட்டர் துளி நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் இறங்கும். கனமழையின் 5 மில்லிமீட்டர் துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதும். விட்டம் 10 மடங்கு என்றால் எடை 1,000 மடங்கு. வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பெருந்துளி ஒன்றின் மோதும் ஆற்றல் தூறல் துளியைப்போல ஏறத்தாழ 20,000 மடங்கு வருகிறது. வெறும் மண்ணில் அது விழும்போது மண்கட்டி உடைந்து துகள்கள் நாலாபுறமும் தெறிக்கின்றன. சமதளத்தில் போனதும் வந்ததும் ஏறக்குறைய சரியாகிவிடும். சரிவில் அப்படி ஆகாது, கீழ்ப்பக்கம் தெறிக்கும் துகள் கூடுதல் தூரம் போய் விழும். ஒவ்வொரு துளியும் மண்ணைக் கொஞ்சம் கீழே தள்ளிவிடுகிறது. இதற்குத் தெறிப்பு அரிப்பு என்று பெயர். மழை விட்டதும் பயிரின் அடித்தண்டில் மண் அப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல் நிலத்தில் குனிந்து பார்த்தால் சிறு கல் ஒவ்வொன்றின் கீழும் ஒரு குட்டி மண்தூண் நிற்கும். கல் மறைத்த இடத்தில் மண் தப்பியது, சுற்றிலும் போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் அண்மை மழைகளில் அந்த இடம் இழந்த மண்ணின் ஆழம்.

நீண்ட காலம் ஓடும் நீர் ஒன்றைத்தான் பெரும்பாலானவர்கள் குற்றவாளியாகப் பார்த்தார்கள். ஜெர்மனியில் எவால்ட் வோல்னி 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே மழைத்துளியும் செடிமூட்டமும் மண்ணை என்ன செய்கின்றன என்று சோதித்தார். ஆனாலும் 1940-களில் அமெரிக்காவில் டபிள்யூ. டி. எலிசன் செய்த சோதனைகளுக்குப் பிறகுதான் துளியின் பங்கு பரவலாக ஏற்கப்பட்டது. இதில் வியப்பில்லை. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் விழும் ஒரு லிட்டர் நீரிடம், நிலத்தின்மேல் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு லிட்டர் நீரைவிட 64 மடங்கு ஆற்றல் இருக்கிறது. கட்டியை உடைப்பது துளியின் வேலை, உடைந்ததைச் சுமந்து போவது ஓட்டத்தின் வேலை.

துளி இன்னொரு கெடுதலையும் செய்கிறது. உண்மையில் இதுதான் எனக்குப் பெரிய கவலை. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. மேலே சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஓர் ஏடு உண்டாகி, காய்ந்ததும் இறுகிப் பொருக்காகிவிடுகிறது. அதன் கீழே மண் எவ்வளவு பொலபொலப்பாக இருந்தாலும் தண்ணீர் இறங்க வழியில்லை. உங்கள் ஒன்றரை ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 7.5 லட்சம் லிட்டர். அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கிவிட்டால் கீழே பள்ளத்துக்கு வேலையே இல்லை. இறங்க முடியாதபோது அத்தனையும் சரிவில் வழிந்தோடும். அதே மழையில் அதே நிலம் முன்பைவிடப் பல மடங்கு தண்ணீரை வெளியே தள்ளும். ‘மழை மாறவில்லையே’ என்ற உங்கள் குழப்பத்துக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது. மறுபாதிக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த கட்டம் படல அரிப்பு. வழியும் நீர் மெல்லிய படலமாக நிலம் முழுவதும் பரவி, துளி உடைத்த துகள்களைச் சுமந்து போகிறது. கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் இதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன். உங்கள் நிலம் முழுவதும் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் போனால் 15 கன மீட்டர், எடையில் சுமார் 20 டன். அதைக் கண்ணால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக, பாறையையும் தட்பவெப்பத்தையும் பொறுத்து, நூறு ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டுவரை பிடிக்கும். முதலில் போவது மட்கும் நுண்ணிய களித்துகளும். பயிருக்கு வேண்டிய சத்துகள் ஒட்டிக்கொண்டிருப்பது இவற்றில்தான். அதனால் பாதி மண் போன நிலம் பாதிக்கும் மேலான வளத்தை இழந்திருக்கும். மேட்டுப்பகுதியில் பயிர் குட்டையாகவும் வெளிறியும், அடிவாரத்தில் மட்டும் செழிப்பாகவும் இருக்கிறதா? மேட்டின் மண் நிறம் மங்கிக்கொண்டே வருகிறதா? வருஷா வருஷம் கற்கள் ‘முளைப்பது’ போல இருக்கிறதா? வேலிக்கால்களின் அடிப்பகுதி வெளியே தெரிகிறதா? இதில் இரண்டுக்கு ஆம் என்றாலே படல அரிப்பு பல ஆண்டுகளாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படலமாக ஓடும் நீர் ரொம்ப தூரத்துக்கு அப்படியே ஓடாது. சின்னச் சின்னத் தாழ்வுகளில் சேர்ந்து, கைவிரல் ஆழத்துக்குக் கோடுகளாகக் கீறும். இது சிற்றோடை அரிப்பு. நீர் ஓரிடத்தில் சேர்ந்ததும் ஆழம் கூடுகிறது, ஆழம் கூடினால் வேகம் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் அந்த நீர் உருட்டிப் போகக்கூடிய கல்லின் எடை இரட்டிப்பதோடு நிற்பதில்லை. வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால் கோட்பாட்டின்படி 64 மடங்கு ஆகிறது. சரிவின் செங்குத்தைப் போலவே அதன் நீளமும் முக்கியம் என்பது இதனால்தான். தடையில்லாத 100 மீட்டர் சரிவு, 25 மீட்டருக்கு ஒரு தடை வைத்த அதே சரிவைவிட மிக மோசமாக அரிக்கும். இந்தக் கோடுகளை அடுத்த உழவு மூடிவிடுவதால் ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும். மூடுவது பக்கத்து மண்ணை வைத்துத்தான். அடுத்த மழையில் அந்தத் தளர்ந்த மண்தான் முதலில் போகும். அப்புறம் அதே தாழ்வில், இன்னும் கொஞ்சம் ஆழமாக.

சரி, இப்போது உங்கள் பள்ளம். உழுது மூட முடியாத ஆழத்துக்குப் போனபின் அது பள்ள அரிப்பு. இதன் நடத்தை வேறு. பள்ளம் கீழிருந்து மேலே ஏறுகிறது என்று நீங்கள் கவனித்தது மிகச் சரி. பள்ளத்தின் மேல்முனையை நாங்கள் தலை என்போம். மேலிருந்து வரும் நீர் அந்த விளிம்பில் சிறு அருவியாக விழுகிறது. விழுந்த இடத்தில் குழி தோண்டுகிறது. குழி உள்நோக்கிக் குடைய, மேலே விளிம்பு தாங்கலில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஊறிக் கனத்ததும் ஒரு பெரிய துண்டாகச் சரிந்து விழுகிறது. அடுத்த ஓட்டம் அதை அள்ளிக்கொண்டு போகிறது. தலை ஓரடி மேலே நகர்ந்தாயிற்று. பக்கச் சுவர்களும் இதேபோலச் சரிந்து பள்ளம் அகலமாகிறது. தயவுசெய்து அந்த விளிம்பில் நிற்காதீர்கள், குழந்தைகளையும் கால்நடைகளையும் விடாதீர்கள். மழை விட்டு வெயில் வந்த பிறகும் அது சரியும்.

இதிலிருந்து உங்கள் இரண்டு திட்டங்களும் ஏன் கைகொடுக்கவில்லை, கைகொடுக்காது என்பது விளங்கும். தலையில் நீர் விழுவது நிற்காமல் மண் கொட்டினால், இறுகிய பழைய மண்ணைவிட எளிதாகக் கரையும் தளர்ந்த மண்ணைத் தண்ணீரின் பாதையிலேயே வைக்கிறீர்கள். ஆறு வருஷமாக மேல் நிலத்திலிருந்து எடுத்துக் கொட்டியிருந்தால், பள்ளத்துக்கு நீங்களும் மண் கொடுத்திருக்கிறீர்கள் என்றுதான் ஆகிறது. கீழே சுவர் கட்டினால், அது மேலே நகர்ந்துகொண்டிருக்கும் தலையை ஒன்றும் செய்யாது. சுவருக்கு நடுவில் நீர் வழியத் தாழ்வான இடம் இல்லாவிட்டால் பெருவெள்ளம் சுவரின் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு புது மண்ணை வெட்டும். வழிய இடம் விட்டாலும், விழும் இடத்தில் கல்தளம் இல்லாவிட்டால் சுவரின் அடியே ஒரு புதிய தலை உருவாகும். நல்ல கட்டுமானம் ஒன்று ஒரே வெள்ளத்தில் பக்கவாட்டில் அனாதையாக நிற்பதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம்.

ஒரு சோதனையை நீங்களே செய்யச் சொல்கிறேன். பள்ளத்தின் பக்கச் சுவரில் எலி வளை போலத் துளைகளும், மழையில் அவற்றிலிருந்து கலங்கிய நீரும் வருகிறதா பாருங்கள். சில நிலங்களில் சோடியம் அதிகமுள்ள களிமண் நீர் பட்டதும் பாலாகக் கரையும். விரிசல் வழியாக இறங்கிய நீர் நிலத்துக்குள்ளேயே குகைபோல் சுரங்கம் தோண்டி, ஒருநாள் கூரை இடிந்து பள்ளமாக வெளிப்படும். இது சுரங்க அரிப்பு. மேல்மண்ணிலிருந்தும் பள்ளத்தின் அடிமண்ணிலிருந்தும் பட்டாணி அளவு உலர்ந்த கட்டி ஒவ்வொன்றை எடுத்து, கண்ணாடிக் குவளையில் பிடித்த தெளிந்த மழைநீரில் மெதுவாகப் போடுங்கள். கிளறக் கூடாது. சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்து குவியலானாலும் நீர் தெளிவாக இருந்தால் மட்கு குறைவு, அவ்வளவுதான். கட்டியைச் சுற்றிப் பால்போல் மேகம் பரவினால் அது கரையும் களிமண். அப்படிப்பட்ட மண்ணில் நீரைத் தேக்கும் வரப்போ குட்டையோ போடக் கூடாது. தேங்கிய நீரே சுரங்கம் தோண்டிவிடும். மண் பரிசோதனை செய்து ஜிப்சம் இடுவதும், புல் போர்த்துவதும்தான் அங்கே வழி. இந்த விடை தெரியாமல் கீழே நான் சொல்லும் வரப்பு வேலையைத் தொடங்க வேண்டாம்.

நீர் செய்யும் அரிப்பில் இன்னும் சில வகைகள் உண்டு. ஆற்றின் வளைவில் வெளிக்கரை இடிவது, ஊறிய மலைச்சரிவு மொத்தமாக நழுவுவது, அலை கடற்கரையைத் தின்பது. உங்கள் நிலத்துக்கு இவை பொருந்தா. ஆனால் உழவு அரிப்பு என்று ஒன்று இருக்கிறது, அது பொருந்தும். சரிவில் கலப்பை புரட்டும் மண் மேலே போவதைவிடக் கீழே அதிகம் விழும். மழையே இல்லாவிட்டாலும், திரும்பத் திரும்ப உழுவதாலேயே மேட்டின் உச்சி மெலிந்து தாழ்வில் மண் சேரும். மேலிருந்து கீழாக உழுதால் ஒவ்வொரு சாலும் தண்ணீருக்கு நாமே வெட்டிக் கொடுத்த வாய்க்கால். நீங்கள் எந்தத் திசையில் உழுகிறீர்கள் என்று எழுதவில்லை. நீள நீளமாக ஓட்டினால் டிராக்டர் திருப்புவது குறையும் என்று பலரும் சரிவு நெடுக ஓட்டுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால், செலவில்லாமல் இந்த ஆண்டே மாற்றக்கூடிய காரியம் அது.

இப்போது காரணங்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் விஷ்மியரும் ஸ்மித்தும் பல மாநிலங்களின் சோதனைப் பாத்திகளில் சேர்ந்த அளவீடுகளை வைத்து 1965-இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள், 1978-இல் திருத்தினார்கள். உலகம் முழுவதும் மண் இழப்பை மதிப்பிட இன்றும் அதன் வழித்தோன்றல்கள்தான் பயன்படுகின்றன. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், மேல்மூட்டம், பாதுகாப்பு வேலைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி எண் கொடுத்து ஒன்றோடொன்று பெருக்குகிறார்கள். பெருக்கல் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஏதாவது ஒரு எண்ணை நூறில் ஒரு பங்காக்க முடிந்தால் இழப்பும் நூறில் ஒரு பங்காகும். மழையை நாம் மாற்ற முடியாது. மண்ணை மெதுவாகத்தான் மாற்றலாம். வண்டல் துகளும் மிக நுண்ணிய மணலும் அதிகமுள்ள மண் எளிதில் போகும், களி ஒட்டிக்கொள்ளும், பருமணல் நீரை உள்ளே விட்டுவிடும். மேல்மூட்டம் மட்டும்தான் அடியோடு மாற்றக்கூடியது. உழுது வெறுமனே போட்ட நிலத்துக்கு 1 என்றால் அடர்ந்த நிரந்தரப் புல்லுக்கு 0.01 அல்லது அதற்கும் கீழே. சமமட்டத்தில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரக் கோட்டில், உழுவது மட்டும் மிதமான சரிவில் இழப்பைப் பாதியாக்கும்; செங்குத்தில் அதன் பயன் சுருங்கிவிடும். இந்தச் சமன்பாடு பள்ளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, தெறிப்பும் படலமும் சிற்றோடையும்தான் அதன் எல்லை. ஆனால் பள்ளத்துக்குத் தண்ணீரை அனுப்புவது அந்த மேல் நிலம்தானே.

ஆகவே மழை மாறாமலேயே பள்ளம் வளர்ந்ததற்கு மறுபாதி விடையை, மாறிய மற்றவற்றில் தேடுங்கள். மேலே யாராவது காட்டையோ புதரையோ அழித்தார்களா? புதிய பாதை போட்டு, அதன் வடிகால் குழாய் உங்கள் பக்கம் திறந்திருக்கிறதா? பல பள்ளங்களின் தலையிலிருந்து மேலே நடந்துபோனால் ஒரு பாதையின் குழாய் வாயில் போய் நிற்போம். கூரைகளின் நீர் சேர்ந்து வருகிறதா? கால்நடைகள் ஒரே தடத்தில் ஏறி இறங்குகின்றனவா? குளம்பு பட்டு இறுகிய தடமும் ஒரு வாய்க்கால்தான். அறுவடைக் கழிவை எரிக்கிறீர்களா, மழை தொடங்கும் நேரத்தில் நிலம் வெறுமனே கிடக்கிறதா? அடுத்த கனமழையில் குடை பிடித்துக்கொண்டு மேல் எல்லை நெடுக நடந்து பாருங்கள். எத்தனை படம் போட்டு விளக்கினாலும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகாது.

மரங்கள் ஏன் காப்பாற்றவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மரம் நல்லதுதான், ஆனால் மழையைத் தடுப்பது உயரத்தில் இருக்கும் இலையைவிடத் தரையை ஒட்டியிருக்கும் சருகும் புல்லும்தான். இலை நுனியில் சேர்ந்து சொட்டும் துளி பெரும்பாலும் மழைத்துளியைவிடப் பெரியது. 8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது ஏறக்குறைய தன் முழு வேகத்தை எட்டிவிடும். அடர்ந்த நிழலால் கீழே புல் முளைக்காமல், சருகையும் கூட்டி எடுத்துவிட்டால், மரத்தடி வெறும் நிலத்தைவிட மோசமாக அரிக்கலாம். அதோடு இளம் மரத்தை இடியும் விளிம்பிலேயே நட்டால் அதன் எடையும் கரையைக் கீழே இழுக்கும். மரங்களை வெட்டச் சொல்லவில்லை. சருகை எடுக்காதீர்கள், இடைவெளியில் நிழல் தாங்கும் புல்லை வளருங்கள், புதிதாக நடுவதை விளிம்பிலிருந்து தள்ளி நடுங்கள்.

காற்று அரிப்பைப் பற்றிக் கொஞ்சம். காற்று மண்ணை மூன்று விதமாக நகர்த்துகிறது. 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர்வரை உள்ள மணல் துகள்கள் துள்ளித் துள்ளிப் போகும். நகரும் மண்ணில் பாதிக்கு மேல் இப்படித்தான் போகிறது. அவை விழும்போது மோதி, தானாகக் கிளம்பாத நுண்தூளை எழுப்பிவிடும். அது காற்றில் மிதந்து எவ்வளவு தூரமும் போகும். கொஞ்சம் பருமனானவை தரையிலேயே உருளும். நீங்கள் பார்க்கும் புழுதி இந்த இரண்டாவது வகை, மட்கும் சத்தும் அதில்தான் அதிகம். 1930-களில் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் புல்வெளியை உழுது கோதுமை போட்ட பிறகு வறட்சி வந்தபோது நடந்தது இதுதான். 1934 மே மாதப் புயலின் புழுதி நியூயார்க்கையும் வாஷிங்டனையும் எட்டியது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயலைக் கறுப்பு ஞாயிறு என்றே இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்க மண் ஆய்வாளர் ஹியூ ஹாமண்ட் பென்னட் பல ஆண்டு எச்சரித்துக்கொண்டிருந்தார். அந்தப் புயலுக்கு இரண்டே வாரத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் நிலத்துக்கு வேண்டியது எளிது. அறுவடைத் தாளை நின்றபடியே விட்டுவையுங்கள், காற்றுக் காலத்துக்கு முன் உழாதீர்கள். காற்று வரும் திசைக்குக் குறுக்கே செடியும் மரமும் கலந்து ஒரு வரிசை வையுங்கள். காற்றைப் பாதியாவது ஊடே விடும் வரிசைதான் நல்லது. முழுக்க அடைத்தால் பின்னால் சுழல் உண்டாகும். வரிசையின் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம்வரை நல்ல பாதுகாப்பு கிடைக்கும்.

இனி வேலையின் வரிசை. முதலில் மேல் எல்லையிலிருந்து வரும் வெளிநீரைத் திருப்ப வேண்டும். ஆனால் திருப்பிய நீர் இறங்கப் புல் வளர்ந்த ஓர் அகலமான, ஆழமில்லாத வழியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். புல் பிடித்த பிறகே மேலே திருப்பும் வாய்க்காலை வெட்டுங்கள். அவசரப்பட்டு முதலில் வாய்க்காலை வெட்டினால் இறங்குமிடத்தில் இரண்டாவது பள்ளம் பிறக்கும். நீர் பக்கத்து நிலத்தில் போய் விழாதபடியும் பாருங்கள், கீழ்நிலத்துக்காரரிடம் பேசிவிட்டே தொடங்குங்கள்.

அடுத்தது மேல் நிலத்தின் நீளத்தைத் துண்டாக்குவது. டியூப் லெவலாலோ, நடுவில் நூற்குண்டு தொங்கும் ஏ வடிவச் சட்டத்தாலோ சமமட்டக் கோடுகளைக் குறியுங்கள். கண்மதிப்பில் போட்ட கோடு எங்காவது சரிந்திருக்கும், அங்கே நீர் சேர்ந்து உடைக்கும். அந்தக் கோடுகளில் வெட்டிவேரோ அடர்த்தியான வேறு தூர்ப்புல்லோ இடைவெளி இல்லாமல் நடுங்கள். வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம்வரை வேர் விடும். வண்டல் அதன் பின்னால் தங்கித் தங்கிச் சில ஆண்டுகளில் தானாகவே படிகள் உருவாகும். மண் அனுமதித்தால் வரப்பு போடலாம், வரப்பில் கூடுதல் நீர் வழியக் கல் பதித்த இடம் கட்டாயம் வேண்டும். கோடுகளுக்கு இடையே எந்த மாதத்திலும் நிலம் வெறுமனே இருக்கக் கூடாது. மூடுபயிர், மூடாக்கு எதுவானாலும் சரி. நிலத்தில் 30 சதவீதம் தாள் மூடியிருந்தாலே வெறும் நிலத்தோடு ஒப்பிட்டால் இழப்பு பாதியாகவோ அதற்குமேலோ குறையும்.

அப்புறம்தான் பள்ளம். தலையின் செங்குத்தான விளிம்பைச் சரிவாக வெட்டி, கற்களும் புல்பத்தையும் பதியுங்கள். நீர் விழாமல் வழுக்கி இறங்க வேண்டும். பள்ளத்துக்குள் ஒரு பெரிய தடுப்புக்குப் பதிலாகப் பல சிறிய கற்தடுப்புகளை மேலிருந்து கீழாகப் போடுங்கள். ஒன்றும் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். நடுப்பகுதி இருபுறத்தையும்விடத் தாழ்வாக, இரு முனைகளும் கரைக்குள் நன்றாகப் புதைந்து, நீர் விழுமிடத்தில் கல்தளத்தோடு இருக்கட்டும். கீழ்த்தடுப்பில் நீர் வழியும் மட்டமும் மேல்தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக வர வேண்டும். உதாரணமாக, பள்ளத்தின் அடி 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது, தடுப்பின் நடு உயரம் அரை மீட்டர் என்றால் 5 மீட்டருக்கு ஒன்று. பின்னால் சேரும் வண்டலில் உடனே புல்லும் நாணலும் நடுங்கள். கால்நடைகளைப் பள்ளத்துக்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் விடவே கூடாது.

இவ்வளவு பழுதான நிலம் திரும்புமா என்ற சந்தேகம் வரலாம். சீனாவின் லோயஸ் பீடபூமி உலகிலேயே மிக மோசமாக அரிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அங்கிருந்து மஞ்சள் ஆறு ஒருகாலத்தில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. படிநிலங்கள், சிறு தடுப்பணைகள், 1999 முதல் செங்குத்துச் சரிவுகளில் சாகுபடியை விட்டுப் புல்லும் மரமும் வளர்த்தது, ஆற்றின் அணைகள் எல்லாம் சேர்ந்து அந்த அளவு இப்போது ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கியிருக்கிறது. உங்களுடையது ஒன்றரை ஹெக்டேர். என் கணிப்பில் மூன்று மழைக்காலம் பொறுமையாக வேலை செய்தால் பள்ளம் பச்சை பிடித்துவிடும்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டியது: பள்ளத்தின் தலைக்கு மேலே 1, 2, 3, 5 மீட்டர் தூரத்தில் இரும்புக் கம்பியோ உறுதியான குச்சியோ அடித்து, ஒவ்வொரு பெரிய மழைக்கும் பிறகு விளிம்பு எந்தக் கம்பிவரை வந்திருக்கிறது, மழை எத்தனை மில்லிமீட்டர், பள்ளத்தில் நீர் எவ்வளவு உயரம் ஓடியது என்று தேதியோடு எழுதி வையுங்கள். வெளிநீரைத் திருப்பிப் புல் பிடித்த பிறகும் தலை நகர்ந்தால், அங்கே படியிறங்கும் கட்டுமானம் தேவைப்படும். அதை ஒரு மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியாளர் நேரில் பார்த்து வடிவமைக்க வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவது இந்தக் கணக்கைத்தான்.